தானாகச் சிறுத்த பிளேட்

செருப்பு கடிக்கிறது என்று அவரிடம் போய் நின்றவர்கள் யாரும் ஏச்சு வாங்காமல் திரும்பியதில்லை. "செருப்பு எங்கங்க கடிக்குது? உங்க காலுதான் வீங்கிப்போய்க் கெடக்கு" என்பார். நாளெல்லாம் நின்று நடந்த கால் பொழுது சாயும்போது ஒரு சுற்றுப் பெருத்துத்தான் இருக்கும், அதற்காகச் செருப்பில் கத்தி வைக்கக் கூடாது, போட்டுப் பழகினால் தோலும் காலும் சமாதானமாகிவிடும் என்பது அவருடைய சட்டம். அவசரக்காரர்கள் சிலர் வீட்டிலேயே உள்பக்கத்தைச் சீவிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர்கள் போல வந்து நிற்பார்கள். கையில் வாங்கிய உடனே அவருக்குத் தெரிந்துவிடும். "நான் செஞ்ச பொருள்ல நீ கை வெச்சுட்டு, குத்தம் சொல்ல எங்கிட்டயே வர்றியா?" என்று ஜோடியைத் தெருவில் விட்டெறிந்திருக்கிறார். அப்படி விட்டெறியப்பட்டவர்களும் மறுபடி அவரிடமே வந்தார்கள் என்பதுதான் வேடிக்கை. வேறு எவர் கைச் செருப்பும் அவர்கள் காலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

தெருவில் எல்லோருக்கும் அவர் அளவுக்காரர். எதிரே வருகிறவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே காலைப் பார்த்துவிடுவார். வீட்டின் முன்னறைதான் பட்டறை. ஜன்னலோரம் மரத்தில் செதுக்கிய கால் அச்சுகள் ஜோடி ஜோடியாகத் தொங்கும். பசை டப்பா, ஆணிப் பெட்டி, அரம், சுரண்டுவதற்கு வைத்திருக்கும் கண்ணாடிச் சில்லு எல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்து கைக்கு எட்டும். மூலையில் மோட்டார் வைத்த தேய்ப்புச் சக்கரம். அடித்தோலின் விளிம்பை அதில் கொடுத்தால் வழவழவென்று வரும். தோல் தூள் அறை முழுக்கப் பறக்கும். அவர் மனைவி அதே அறையில் மேல்தோல் தைப்பவள். மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டுதான் தைப்பாள். "நீங்களும் கட்டிக்கிட்டுத் தேய்ச்சா கொறைஞ்சா போயிருவீங்க?" என்று அவள் கேட்காத நாளில்லை.

"மூக்கக் கட்டிக்கிட்டா பசை காஞ்சுதா இல்லையான்னு வாசனை எப்படித் தெரியும்? நீ உன் ஊசியப் பாரு" என்பார்.

அந்த மூக்குதான் அடைத்துக்கொண்டது, ஒரு பக்கம் மட்டும். சளி என்றார், தூசி என்றார். சிந்தும்போது வந்த ரத்தத்தைத் துணியில் சுருட்டி அடுப்பில் போட்டு மறைத்தார். கன்னம் வீங்கி, மேல்பல் ஒன்று ஆடத் தொடங்கியபோதுதான் பல் டாக்டரிடம் போனார். பல் டாக்டர் வாயைப் பார்த்துவிட்டு, பல்லில் கைவைக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். மூக்குக்குப் பக்கத்து எலும்பறையில் புற்றுநோய். தோல் தூள் வருஷக்கணக்கில் உள்ளே போனால் இப்படி வரலாம் என்று அங்கே டாக்டர் சொன்னதும் மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. சொல்லித் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு.

கண்ணுக்குக் கீழே தொடங்கி மூக்கை ஒட்டி மேலுதடுவரை கீறி, மேல்தாடையில் ஒரு பாதியை அண்ணத்தோடு எடுத்தார்கள். தையல் ஆறி முகம் ஓரளவு பழைய முகமாகிவிட்டது. ஆனால் வாய்க்கும் மூக்குக்கும் நடுவில் இருந்த தடுப்பு போய்விட்டது. தண்ணீர் குடித்தால் மூக்கில் வந்தது. பேசினால் எழுத்தெல்லாம் மூக்குவழியே காற்றாகப் போய் ஒரு ஊளைதான் மிஞ்சியது. அந்த ஓட்டையை அடைக்கத்தான் பிளேட். பல்செட்டுக்குப் போடும் அதே இளஞ்சிவப்புப் பிளாஸ்டிக். மேலே ஓட்டைக்குள் போய் உட்கார ஒரு குமிழ் இருக்கும்.

பல் பிரிவில் அதைச் செய்து கொடுத்தவள் வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாத ஒரு பெண். மாவு போல ஒன்றைக் குழைத்து வாய்க்குள் அழுத்தி அச்செடுத்தாள். வலியிலும் அவர் கண் அவள் விரல்களை விட்டு நகரவில்லை. வெளியே வந்ததும் மனைவியிடம் கட்டைவிரலைத் தேய்த்துக் காட்டி, நல்ல கை என்று ஜாடை செய்தார். இன்னொருவர் கையை அவர் நல்ல கை என்று சொன்னதை அவள் அதுவரை பார்த்ததில்லை.

பிளேட்டை மாட்டிவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரைக் குடிக்கவைத்துப் பார்த்தாள் அந்தப் பெண். ஒரு சொட்டுகூட மூக்கில் வரவில்லை.

"இப்ப ஏதாவது பேசுங்கப்பா."

"சரியா உக்காந்திருக்கு" என்றார். குரல் கொஞ்சம் கரகரத்தது, அவ்வளவுதான். மனைவி சுவர்ப் பக்கம் திரும்பி அழுதாள்.

"எங்கயாவது கடிச்சா உடனே எங்கிட்ட வந்துரணும். வாய்க்குள்ள நடக்குறது உங்களுக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது."

"எதுக்கும்மா கடிக்கப்போவுது? பூ மாதிரி இருக்கு."

எல்லாம் எடுத்தாகிவிட்டதே, இன்னும் எதற்குக் கதிர்வீச்சுக் கரண்ட் வைக்க வேண்டும் என்று மனைவி பெரிய டாக்டரிடம் கேட்டாள். "கண்ணுக்குத் தெரிஞ்சத எடுத்துட்டோம்மா. தெரியாதது ஓரத்துல ஒட்டிக்கிட்டிருக்கலாம். மேல கண்ணு, அதுக்கு அந்தாண்ட மூளை. அங்க கத்தி போக முடியாது. அதுக்குத்தான் கரண்ட்" என்றார் அவர். வாயில் பிளேட்டை மாட்டியபடியே படமெடுத்துத்தான் கணக்குப் போடுவோம், தினமும் அதே பிளேட் அதே மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும், நடுவில் நாள் விடவே கூடாது, விட்டால் நோய்க்குத்தான் சௌகரியம் என்றும் சொன்னார். அளவுக்காரர் பள்ளிக்கூடப் பிள்ளையைப் போலத் தலையாட்டினார்.

கூடப் போய்வருவது மருமகள். மகன் லாரி ஓட்டுகிறவன், வீட்டில் தங்குவது அபூர்வம். மனைவி தைத்தால்தான் அடுப்பு எரியும் என்ற நிலைமை. மருமகள் இந்த வீட்டுக்கு வந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் துணிக்கடையில் வேலை பார்த்தவள். எதிரே நிற்பவர் வாயைத் திறக்கும் முன்பே என்ன நிறம் கேட்கப்போகிறார் என்று கண்டுகொள்ளும் பழக்கம் அவளுக்கு உண்டு. அறுவை முடிந்து பிளேட் வரும்வரை அவர் ஊளையிட்டதெல்லாம் அந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் விளங்கியது. மாமியார் மூன்றாம் தடவை "என்னங்க?" என்று கேட்கும்போது இவள் தண்ணீரோ தலையணையோ கொண்டுவந்து நிற்பாள்.

முதலில் முகத்துக்கு மூடி செய்தார்கள். வெந்நீரில் போட்டு இளக்கிய வலைத் தகட்டை முகத்தின்மேல் இழுத்துப் பிடித்து ஆறவைத்தார்கள். பஸ்ஸில் திரும்பும்போது அவருக்கு வாய்கொள்ளாத பேச்சு.

"ஈரத்தோல அச்சுல இழுத்துப் பிடிக்கிறோம்ல, அதேதாம்மா. மூக்குக்கிட்ட சுருக்கம் விழாம எப்படி இழுத்தான் தெரியுமா? நம்ம பட்டறையில உக்காரவெச்சா ரெண்டே மாசத்துல தொழில் பழகிருவான்."

"அப்ப உங்க மூஞ்சிதான் அச்சா மாமா?"

"ஆமா. என்னா, இந்த அச்சுல எவனும் செருப்புத் தைக்க மாட்டான்."

அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அதற்குப் பிறகு இல்லை.

தினமும் மேஜையில் படுக்கவைத்து, முகமூடியை மேலே கவிழ்த்து, மேஜையோடு பூட்டுவார்கள். கண் இமைக்கக்கூட இடமிருக்காது. எல்லோரும் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். எந்திரம் தலையைச் சுற்றி வரும். வலி ஒன்றும் கிடையாது. வலியெல்லாம் பிற்பாடு வீட்டில் வந்தது. கன்னத்துத் தோல் கறுத்தது. எச்சில் பசைபோலக் கெட்டியானது. மூக்குக்குள் பொருக்குக் கட்டி, உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவிக் கழுவி எடுக்க வேண்டியிருந்தது. வாசனை அறவே போய்விட்டது. பசையும் தெரியவில்லை, தோலும் தெரியவில்லை. தன்மேல் என்ன நாற்றம் வருகிறது என்பதைக்கூட அடுத்தவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்து போய் நின்றுகொண்டால், "என்னா புழுக்கம்!" என்று மருமகள் ஜன்னலைத் திறப்பாள். மழை பெய்துகொண்டிருந்த நாளிலும் அப்படித் திறந்தாள். அவருக்குப் புரிந்தது. அன்றிலிருந்து பஸ்ஸில் யார் பக்கத்திலும் உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார்.

சாப்பாட்டையும் யார் கண்ணிலும் படாமல்தான் சாப்பிட்டார். குழையக் குழைய வேகவைத்த சோற்றைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு பட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். பிறகு பின்பக்கக் குழாயடியில் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு பிளேட்டைக் கழற்றிக் கழுவுவார். மருமகள் தற்செயலாக அந்தப் பக்கம் வந்துவிட்டால் கையால் வாயைப் பொத்திக்கொண்டு, அவள் போகும்வரை குனிந்தே நிற்பார். ஊரையே அதட்டிக்கொண்டிருந்த மனுஷன். அவளுக்குப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. அதற்கப்புறம் குழாயடிக்கு வரும்போதெல்லாம் வாளியை ஒருதரம் சத்தமாக வைத்துவிட்டு வந்தாள்.

கரண்ட் பாதியைத் தாண்டியபோது வாய் வெந்தது. உள்கன்னமெல்லாம் தோல் உரிந்து புண்ணாயிற்று. வீங்கிய சதையில் பிளேட்டின் ஓரம் போய் உரசியது. தண்ணீரை விழுங்கினாலே கண்ணில் நீர் வந்தது. இப்படி ஆகும், ஆனால் சொல்லுங்கள் என்று எல்லோரும் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். கரண்ட் அறைக்கு வெளியே வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது பிளேட் செய்த அந்தப் பெண் தட்டும் கையுமாகப் போகிறபோக்கில் கேட்பாள்.

"கடிக்குதாப்பா?"

"இல்லம்மா."

அவரால் சொல்ல முடியவில்லை. கடிக்கிறது என்று வந்து நின்றவர்களை எப்படியெல்லாம் பார்த்திருக்கிறார் என்று அவருக்குத் தெரியும். அந்த வரிசையில் போய்த் தானும் நிற்பதா என்று இருந்தது. அதுவும் ஒரு நல்ல கைக்காரியிடம்.

அன்று மத்தியானம் மனைவி தைத்த சரக்கைக் கொடுக்கப் போயிருந்தாள். மருமகள் பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அவர் பட்டறையில் தன் இடத்தில் உட்கார்ந்து பிளேட்டைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்த இடம் உரசுகிறது என்று நாக்குக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அரத்தை எடுத்தார். அறுவைக்குப் பிறகு கருவியைத் தொட்டது அன்றுதான். முதலில் லேசாக ஒரு ராவு. மாட்டிப் பார்த்தார். இன்னும் உரசியது. இன்னொரு ராவு. பிறகு குமிழின் ஓரத்தில் கண்ணாடிச் சில்லால் சுரண்டினார். தூள் மெல்லிசாக உதிர்ந்தது. கை பழைய கைதான், ஒன்றும் மறக்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் எவ்வளவு எடுத்தோம் என்பதையே மறந்துவிட்டார். வீங்கியிருப்பது வாய்தான், பிளேட் நேற்றிருந்த அளவில்தான் இருக்கிறது என்று ஒரு வாடிக்கையாளரிடம் என்றால் கத்திச் சொல்லியிருப்பார். தனக்குத்தானே சொல்லிக்கொள்ளத் தோன்றவில்லை. எந்த வேலையையும் அரைகுறையாக விட்டுப் பழக்கமில்லாததால், கடைசியில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துணியால் துடைத்து, ராவிய இடம் எது ராவாத இடம் எது என்று தெரியாதபடி மினுமினுப்பாக்கினார்.

மாட்டினார். உரசவில்லை. அத்தனை நாளில் முதல் தடவையாக வாய் வாயாக இருந்தது.

அந்த நேரம் மருமகள் பால் கொண்டுவந்தாள். வழக்கமாக வைத்துவிட்டுப் போ என்று கையைக் காட்டுகிறவர், அன்று இருந்த குஷியில் டம்ளரை வாங்கி அவள் எதிரிலேயே குடித்தார். பால் மூக்குவழியாகக் கொட்டியது. உதட்டில் வழிந்து, தாடையில் வழிந்து, மடியில் சொட்டியது. மடியிலிருந்த இளஞ்சிவப்புத் தூள் பாலில் கரைந்து கோடு கோடாக ஓடியது.

அவள் தூளைப் பார்த்தாள். பக்கத்தில் கிடந்த அரத்தைப் பார்த்தாள்.

"என்ன மாமா இது?"

"ஒங்ஙும் இங்ங" என்றார். ஒன்றும் இல்லை என்றுதான் சொன்னார். தன் குரல் தன் காதிலேயே விழுந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். இனி அவர் பேசியதை அப்படியே எழுதினால் யாருக்கும் விளங்காது. அவளுக்கு விளங்கியபடியே எழுதுகிறேன்.

"யார்கிட்டயும் சொல்லாத. அத்தைகிட்டயும் சொல்லாத."

"மாமா, நாளைக்குக் கரண்ட் வைக்கணுமே. இதோடயா போவீங்க?"

"சொல்லாதன்னு சொல்றேன்ல."

"சரி மாமா" என்றாள். துணி கொண்டுவந்து அவர் முதுகுக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் கரண்ட் வைப்பதற்கு முன்னால் எடுக்கும் படத்தில் அது தெரிந்துவிட்டது. எந்திரத்தை ஓட்டாமல் முகமூடியைக் கழற்றி, எழுப்பி உட்காரவைத்து, பெரிய டாக்டரை வரவழைத்தார்கள். அவர் பிளேட்டைக் கையில் வாங்கிப் பார்த்தபடியே கேட்டார்.

"குமிழுக்கு மேல காத்து நிக்கிற எடம் தெரியுது. போன வாரம்கூட இது இல்ல. ஐயா, நீங்க இத ஏதாவது பண்ணீங்களா?"

அவர் தலையாட்டினார், இல்லை என்று.

"கீழ எங்கயாவது போட்டீங்களா? சுடுதண்ணியில கழுவுனீங்களா?"

பிளேட் டாக்டர் கையில் இருந்தது. வெறும் வாயோடு அவர் என்னவோ சொன்னார். டாக்டருக்குப் புரியவில்லை.

"என்னம்மா சொல்றாரு?"

மருமகள் மாமனாரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

"அது... மொதல்லேர்ந்தே லூசாத்தான் இருந்துச்சாம் சார்."

"வீட்டுல நீதானம்மா கூட இருக்க? நீ எதுவும் கவனிச்சியா?"

"இல்ல சார்."

பல் பிரிவிலிருந்து அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார்கள். கையெல்லாம் வெள்ளை மாவோடு ஓடிவந்தாள். வரிசையில் காத்திருந்தவர்கள் எல்லோரும் பார்க்க நடைவழியில் நிற்கவைத்துத்தான் கேட்டார் டாக்டர். "நான் போட்டுப் பாத்துதான் சார் குடுத்தேன். தண்ணி குடிக்கவெச்சுப் பாத்தேன். கரெக்டா இருந்துச்சு" என்றாள்.

"கரெக்டா இருந்ததுன்னா இப்ப ஏன் இப்படி இருக்கு? பிளேட் தானாச் சிறுத்துருச்சா?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் பிளேட்டை வாங்கி ஓரமெல்லாம் கட்டைவிரலால் தடவினாள். குமிழைத் தடவினாள். எல்லா இடமும் வழவழவென்று ஒரே மாதிரி இருந்தது. அவர் பெஞ்சியில் உட்கார்ந்து அவள் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கீறல் அகப்பட்டுவிட வேண்டும் என்று அந்த நிமிஷம் அவர் ஏங்கினார். அகப்பட்டுவிடக் கூடாது என்றும் பயந்தார். அகப்படவில்லை. வேலை அவ்வளவு சுத்தம்.

"அச்செடுத்ததுல என் தப்பா இருக்கும் சார்" என்றாள் அவள். பிறகு அவர் பக்கம் திரும்பி, "மன்னிச்சுக்கங்கப்பா. இவ்ளோ நாள் கடிச்சிருக்கும், எங்கிட்ட சொல்லாம பொறுத்துக்கிட்டிருக்கீங்க" என்றாள்.

அவர் தரையைப் பார்த்தார். அவள் கால்கள் தெரிந்தன. வலது செருப்பின் குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது.

வேறு பிளேட் செய்து, மறுபடி படமெடுத்து, மறுபடி கணக்குப் போட்டுத்தான் கரண்ட் என்று சொல்லிவிட்டார்கள். அதுவரை ஓட்டையில் ஈரத்துணிச் சுருளை வைத்து அடைத்து அனுப்பினார்கள். "இடைவெளி விடக் கூடாதுன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன்" என்று மருமகளிடம் டாக்டர் வருத்தப்பட்டுக்கொண்டார். பஸ்ஸில் அன்று அவள் ஜன்னலைத் திறக்கவில்லை.

வீட்டில் மாமியார் வரிந்துகட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்கு விஷயம் தெரியாதே. "சோறு திங்கிற கையா அது? கை வெளங்குமா அவளுக்கு? ஒரு மனுஷன் உசிரு அவ கையில இருக்குன்னு ஒரு பயம் வேணாம்? நான் வந்து அந்த ஆஸ்பத்திரியில நாலு கேள்வி நாக்கப் பிடுங்குற மாதிரி கேக்குறேன் பாரு" என்று தையல் மெஷினை மிதிக்கும்போதெல்லாம் திட்டினாள். மெஷின் நின்றால் திட்டும் நிற்கும், ஓடினால் திட்டும் ஓடும். அளவுக்காரர் எழுந்து குழாயடிக்குப் போனார். அங்கேயும் கேட்டது. கிண்ணத்துச் சோறு அப்படியே திரும்பி வந்தது. தொண்டையில் புண் என்று மாமியார் நினைத்துக்கொண்டாள்.

மருமகள் துணிச் சுருள் வாங்கிவர ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பிய அன்று பட்டறை வாசலில் வந்து நின்றாள். அவர் வேலை எதுவும் இல்லாமல் ஒரு அச்சை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, அந்த அக்காவ பிளேட் வேலையிலேர்ந்து எடுத்துட்டாங்க."

அவர் துடைப்பதை நிறுத்தினார்.

"மாவு கலக்கிக் குடுக்கவும், தட்டு கழுவவும் விட்டிருக்காங்க. என்னப் பாத்ததும் அவங்களே வந்து, அப்பா சாப்பிடுறாரான்னு கேட்டாங்க. எனக்கு மூஞ்சிய எங்க வெச்சுக்கிறதுன்னு தெரியல."

"என்ன சொன்ன?"

"சாப்பிடுறாருன்னு சொன்னேன். பொய் சொல்லத்தான் நல்லாப் பழகிருச்சே."

அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. கோபம்கூட வந்தது, மாமனாரிடம் பேசுகிற பேச்சா என்று. ஆனால் எந்த வாயால் கோபப்படுவது?

"நான் வேணும்னா போய்ச் சொல்லட்டுமா மாமா? நீங்க வர வேணாம். தெரியாம ஆயிருச்சுன்னு சொல்லிடறேன்."

"வேணாம்."

"அத்தை தெனமும் அந்தக் கையச் சபிக்கிறாங்க. எனக்குக் காது குடுத்துக் கேக்க முடியல."

"எனக்கு மட்டும் இனிக்குதா?" என்றார். மடியிலிருந்த அச்சைக் கீழே வைத்தார். "என் பொருள ஒருத்தன் அறுத்துட்டு வந்து என்னையே குத்தம் சொன்னா, எனக்கு எரியும்மா. ஒடம்பெல்லாம் எரியும். ஆனா எனக்கு ஒண்ணும் ஆகாது. பாத்ததும் கண்டுபிடிச்சுருவேன். அந்தப் பொண்ணுக்குக் கண்டுபிடிக்க முடியாத மாதிரி செஞ்சுட்டேனே."

அவள் துணிச் சுருளை அவர் பக்கத்தில் வைத்தாள். "நாளைக்குப் புது அச்செடுக்க வரச் சொல்லியிருக்காங்க" என்று மட்டும் சொன்னாள்.

பல் பிரிவு அறையில் நாற்காலி தயாராக இருந்தது. இந்த முறை அச்செடுக்க வயதான ஒரு ஆள் கையுறை மாட்டிக்கொண்டு நின்றார். பெரிய டாக்டரும் வந்திருந்தார், இந்தத் தடவையாவது சரியாக வர வேண்டும் என்று. கதவு திறந்தே கிடந்தது. வெளியே பெஞ்சியில் ஆட்கள். அந்தப் பெண் சுவரோரம் கழுவுதொட்டிக்குப் பக்கத்தில் நின்று கிண்ணத்தில் மாவைக் கலக்கிக்கொண்டிருந்தாள். முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"உக்காருங்க ஐயா."

அவர் உட்காரவில்லை. வாய்க்குள் கையை விட்டு ஈரத்துணிச் சுருளை உருவி எடுத்தார். எச்சிலும் சளியுமாக அது கையில் தொங்கியது. அப்படியே நின்றுகொண்டு பேசத் தொடங்கினார். அறைக்குள் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வெளியே பெஞ்சியில் இருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். ஒரு குழந்தை அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அவர் நிறுத்தவில்லை.

"என்னம்மா, என்ன வேணுமாம்?" என்றார் டாக்டர்.

மருமகளுக்கு எல்லாம் விளங்கியது. ஆனாலும் அவரை அவ்வளவு பேர் நடுவில் அப்படியே விட அவளுக்கு மனம் வரவில்லை.

"அந்தப் பிளேட்ட... வீட்டுல தெரியாம ராவிட்டாராம் சார்."

அவர் நாற்காலியின் கைப்பிடியில் ஓங்கி அடித்தார். அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். மறுபடி முதலிலிருந்து சொன்னார். இந்த முறை மெதுவாக, ஒவ்வொன்றாக.

"தெரியாம இல்லையாம்" என்றாள் அவள். "தெரிஞ்சேதானாம். கடிச்சுதுன்னு அரத்தால ராவி, கண்ணாடிச் சில்லால சுரண்டி, யாரும் கண்டுபிடிக்கக் கூடாதுன்னு பாலிஷும் போட்டாராம்."

கழுவுதொட்டிப் பக்கம் கரண்டிச் சத்தம் நின்றது.

"அந்தப் பிளேட் நல்லா இருந்துச்சாம். ஒரு கொறையும் இல்லையாம். நீங்க கேட்டப்ப பொய் சொன்னாராம். அவங்க திட்டு வாங்குறத உக்காந்து பாத்தாராம்."

அவர் மருமகளைச் சுட்டிக் கையை ஆட்டி ஏதோ சொன்னார். அதை அவள் சொல்லாமல் நின்றாள். டாக்டர் அவளைப் பார்த்தார்.

"என் மேல தப்பில்லன்னு சொல்றாரு சார். அது மட்டும் நெசமில்ல. நானும் பாத்தேன். பொய்ய வாயால சொன்னது நான்தான்."

டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னய்யா நெனச்சுக்கிட்டிருக்கீங்க? இது உங்க உசிரு. கட்டு அவுந்தா மறுபடி கட்டிக்கிற சமாச்சாரமா இது? இத்தன நாள் போச்சே, யாரு திருப்பித் தருவா?" என்று சத்தம் போட்டார். பிறகு ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

அந்தப் பெண் கிண்ணத்தோடு திரும்பினாள். மன்னித்த முகம் இல்லை அது. அழுத முகமாகவும் இல்லை. அசதிதான் தெரிந்தது.

"அந்தப் பழைய அச்ச எத்தன தடவ எடுத்துவெச்சுப் பாத்தேன் தெரியுமாப்பா? எங்க தப்பு, எங்க தப்புன்னு. அச்சு சரியா இருக்கு, பிளேட் சரியில்ல. என் கையே எனக்குச் சந்தேகமாப் போச்சு. இந்த வேலையே வேணாம்னு வீட்டுல சொல்லிட்டேன்." கிண்ணத்தைப் பார்த்தாள். மாவு இறுகத் தொடங்கியிருந்தது. "அந்தப் பாலிஷ் நான் போட்ட மாதிரியே இருந்துச்சுப்பா. அதான் நானும் நம்பிட்டேன்."

அவர் அவளுக்கு எதிரே நின்று வாயைத் திறந்தார். சத்தம் வந்தது. மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் ஒழுகியது, துடைத்துக்கொள்ளவில்லை. நீளமாக, விட்டு விட்டு, மேலே போய்க் கீழே இறங்கி வந்துகொண்டே இருந்தது அது. அந்தப் பெண் கொஞ்ச நேரம் புரிந்துகொள்ளப் பார்த்தாள். பிறகு மருமகளிடம் திரும்பினாள்.

"என்ன சொல்றாரு?"

மருமகள் காதைக் கொடுத்துக் கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லலக்கா. அழறாரு."